விலை தெரிந்த பிறகு



வேளாண் செயலிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து தக்காளி போடும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, நேரே விஷயம். "காலையில அஞ்சு மணிக்கு செல்லுல வெலை பாக்குறேன். எட்டு மணிக்கு மண்டியில வேற வெலை. ரெண்டும் ஒண்ணாவே இருந்தாலும் நான் என்ன பண்ண முடியும்? பறிச்ச பழத்தத் திரும்பச் செடியில ஒட்டவா முடியும்?" அவ்வளவுதான் கடிதம்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது ஒரு கடிதத்துக்குள் அடங்கவில்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அவருக்கே.

கைபேசியால் விற்பவனுக்கு நன்மை உண்டா என்ற கேள்வி வந்தால் உலகம் முழுக்க ஒரே கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அது நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. 1997-ல் வட கேரளக் கடற்கரையில் தொடங்கியது. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகளையும் 300 படகுகளையும் ஐந்தாண்டு காலம் கவனித்து வந்தார். எல்லாம் மத்தி பிடிக்கும் படகுகள். கைபேசிக் கோபுரங்கள் முதலில் கோழிக்கோட்டிலும், அடுத்த ஆண்டு கண்ணூரிலும், 2000-ல் காசர்கோட்டிலும் வந்தன. கரையோரம் கோபுரம் நட்டதால், இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் கடலுக்குள்ளும் சிக்னல் கிடைத்தது. எந்த ஊருக்கு முதலில், எந்த ஊருக்குப் பிறகு என்ற அந்த இடைவெளிதான் அவருக்குக் கிடைத்த அளவுகோல்.

1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் பொங்கல் சமயம். காலை ஏழரை மணிக்கு வடகரைக் கடற்கரையில் பதினொரு படகுக்காரர்கள் பிடித்து வந்த மத்தியைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அத்தனை மீனையும் வாங்க அங்கே ஆளில்லை. அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குள், சோம்பாலிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கூடையோடு கிளம்பத் தயாராக நிற்கிறார்கள். இந்தக் கரையில் மீன் மக்குகிறது, அந்தக் கரையில் கூடை காய்கிறது. நடுவில் இருப்பது பதினைந்து கிலோமீட்டர் கடல்தான். ஆனால் அந்தக் கரை நிலவரம் இந்தக் கரைக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு டீசல் செலவழித்து யார் போவார்? கரைச் சந்தை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். போய்ச் சேர்வதற்குள் அங்கும் ஏலம் முடிந்திருந்தால் இரண்டும் போச்சு. அதனால் ஏறக்குறைய எல்லாப் படகும் சொந்தக் கரையிலேயே விற்றன. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணானது.

கைபேசி வந்ததும் படகுக்காரர்கள் கடலிலிருந்தே கரைக்குக் கூப்பிட்டார்கள். அப்போது வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டும், இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இருந்தும் கூப்பிட்டார்கள். நாலைந்து கரைக்குப் பேசி, எங்கே விலை இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். முப்பது முதல் நாற்பது சதவீதம் பேர் சொந்தக் கரையை விட்டு வேறு கரையில் விற்கத் தொடங்கினார்கள். மீன் கொட்டுவது நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. கூடவே, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம் என்று வியாபாரத்தில் சொல்வார்கள், பார்ப்பது அபூர்வம். இங்கே வீணாய்ப் போன மீன்தான் இரண்டு பக்கமும் காசாக மாறியது.

இந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கைபேசி வந்தால் ஏழை உற்பத்தியாளனின் கஷ்டம் தீர்ந்தது என்று அதைப் பிடித்துக்கொண்டு உலகெங்கும் பேசினார்கள். குறுஞ்செய்தியில் விலை அனுப்பும் திட்டங்கள் எங்கெங்கோ முளைத்தன. நம் நாட்டில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2007-லேயே அப்படி ஒரு சேவையைத் தொடங்கியது. சந்தை விலை, வானிலை, பயிர் ஆலோசனை எல்லாம் கைபேசிக்கு வரும். மகாராஷ்டிரத்தில் நூறு கிராமங்களை எடுத்து, சில ஊர்களுக்கு ஓராண்டு இலவசமாகக் கொடுத்து, மற்ற ஊர்களுக்குக் கொடுக்காமல் விட்டு, மார்செல் ஃபஃப்ஷாம், பார்ட் மின்டன் என்ற இருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தக்காளி, வெங்காயம், மாதுளை, கோதுமை, சோயா. 2012-ல் முடிவு வந்தது. செய்தி பெற்றவர் வாங்கிய விலைக்கும் பெறாதவர் வாங்கிய விலைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

மேற்கு வங்கத்து உருளைக்கிழங்குக் கதை இன்னும் கசப்பு. ஹூக்ளி, மேற்கு மேதினிபூர் மாவட்டங்களில் 72 கிராமங்கள். ஆய்வாளர்கள் மண்டி விலையைச் சில ஊர்களில் தினமும் பலகையில் எழுதிப் போட்டார்கள், சில ஊர்களில் கைபேசியில் சொன்னார்கள். சராசரியாக விவசாயி கைக்கு வந்த விலை உயரவே இல்லை. காரணம் எளிது. அந்தப் பக்கத்தில் விவசாயி மண்டியில் நேரடியாக விற்பதில்லை. மண்டியின் பெரிய வியாபாரி, ஊர் வியாபாரியிடம்தான் வாங்குவார். ஊர் வியாபாரியிடம் போய் "மண்டியில் இவ்வளவு போகுதாமே" என்று சொல்லலாம். "அப்படியா, அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்க" என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது. விலை ஏறிய நாளில் கொஞ்சம் கூடுதலாக விற்றார்கள், இறங்கிய நாளில் கொஞ்சம் குறைத்து விற்றார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கேரளத்து மத்திக்குப் பலித்தது வங்கத்துக் கிழங்குக்கு ஏன் பலிக்கவில்லை? ஒட்டன்சத்திரத்து வாசகரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. படகுக்காரர் செய்தி கேட்கும்போது சரக்கும் வண்டியும் எரிபொருளும் அவர் கையில் இருந்தன, அவர் ஏற்கெனவே பாதி வழியில் இருந்தார். சுக்கானைத் திருப்பினால் போதும். நம் விவசாயி விலை கேட்கும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு, இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதில் ஒரு நாள் பறிப்பு எத்தனை பெட்டி தேறும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் எண்ணைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மண்டியில் 14 கிலோ பெட்டி 200 ரூபாய். தூரத்து மண்டியில் 260 என்று செல்லில் காட்டுகிறது. உங்களிடம் இருபது பெட்டி. பெட்டிக்கு அறுபது வீதம் 1,200 ரூபாய் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது. நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் அந்தக் கூடுதலில் 120 போய்விடும். தூரத்துக்கு டெம்போ வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம் என்று வையுங்கள். மிச்சம் எண்பது ரூபாய். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம், இறக்குக் கூலியில் வித்தியாசம் இல்லாமல் இருந்தால்.

இப்போது அக்கம்பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து எண்பது பெட்டி ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் 4,800. கமிஷன் போக 4,320. கொஞ்சம் பெரிய வண்டி, கூடுதல் வாடகை 2,000. மிச்சம் 2,320, ஆளுக்கு 580. கோட்டை கட்டும் காசில்லை. ஆனால் தக்காளி ஒரு பறிப்போடு முடிகிற பயிரா? வாரத்துக்கு இரண்டு மூன்று பறிப்பு, அதுவும் பல வாரம். இரண்டு கணக்கிலும் செல்லில் பார்த்த விலை ஒன்றுதான், வண்டியில் ஏறிய பெட்டிதான் வேறு.

வங்கத்துக் கதைக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு எதிர் உதாரணம் உண்டு. 2000-ல் ஐடிசி நிறுவனம் சோயா விளையும் ஊர்களில் கணினி வைத்து விலை சொல்லத் தொடங்கியது, இ-சௌபால் என்று பெயர். அந்தப் பக்கத்து மண்டிகளில் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் உயர்ந்தது என்று அபராஜிதா கோயல் ஆராய்ந்து சொன்னார். ஆனால் கவனியுங்கள், ஐடிசி விலை சொன்னதோடு நிற்கவில்லை. அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளத் தன் கிடங்கையும் திறந்து வைத்திருந்தது. மண்டிக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு தராசு வந்து நின்றபோதுதான் விலை அசைந்தது.

சரி, வண்டி கிடைத்தது, ஆட்களும் சேர்ந்தார்கள். அப்புறமும் ஒரு கட்டு இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசுவது அரைகுறை.

முன்பணம். விதைக்கு, உரத்துக்கு, பிள்ளை கல்லூரிக் கட்டணத்துக்கு, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட என்று கமிஷன் கடையில் வாங்கியிருப்போம். வட்டி என்று ஒன்றும் எழுதியிருக்காது. "சரக்கு நம்ம கடைக்கு வந்துரணும்" என்பதுதான் வட்டி. மல்லிகைப்பூ போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரை மாட்டுத்தாவணியில் இன்று என்ன விலை, திண்டுக்கல்லில் என்ன விலை, நிலக்கோட்டையில் என்ன விலை என்று மூன்றும் தெரியும். பூ போவது முன்பணம் வாங்கிய கடைக்குத்தான். கேரளத்துக் கடற்கரைக்கே பிற்பாடு திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள். ஏலக்காரரிடம் கடன் பட்ட மீனவர், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்தும் அவர் சொன்ன இடத்தில்தான் மீனை இறக்குகிறார்.

இதை எழுதும்போது கமிஷன் கடைக்காரரை வில்லனாக்கும் ஆசை பேனாவுக்கு வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுக்க எந்த வங்கி இருக்கிறது? சரக்கு விற்காத நாளிலும் இறக்கிக்கொள்கிறவர் அவர்தான். அவரை விலக்க வேண்டுமானால் அவர் செய்கிற வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். செயலி அதைச் செய்யாது. கூட்டுறவுக் கடன் நேரத்துக்குக் கிடைத்தால் ஓரளவு செய்யும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குவது இன்னும் கொஞ்சம் செய்யும். ஆனால் அது மஞ்சளுக்கும் கொப்பரைக்கும் பயறுக்கும்தான். தக்காளியை எந்தக் கிடங்கில் வைப்பது?

இதனால்தான் ஒரே செல்பேசி ஒரு பயிருக்குப் பெரிதாய் உதவுகிறது, இன்னொன்றுக்கு உதவுவதில்லை. ஈரோட்டு மஞ்சள் விவசாயி விலையைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் வருடக்கணக்கில் காத்திருக்கும். ஈரோடு, பெருந்துறை, கோபி என்று ஏலம் நடக்கும் இடங்களும் ஒன்றுக்கு மேல் உண்டு. இன்று சரியில்லை என்றால் அடுத்த வாரம். விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டுக்கு அடுத்த வாரம் கிடையாது, அடுத்த வேளையே கிடையாது. பூக்காரருக்கு உண்மையில் வேண்டியது விலைச் செய்தியைவிட, வரும் முகூர்த்த நாட்களில் எந்த ஊருக்கு எவ்வளவு ஆர்டர் இருக்கிறது என்ற செய்தி. அதை எந்தச் செயலியும் இன்னும் சொல்வதாகத் தெரியவில்லை. கடைக்காரருக்கு அது தெரியும், அவர் செல்லிலும் அது வரும்.

ஆமாம், செல்பேசி வியாபாரி கையிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டில் 2001 முதல் 2006 வரை கைபேசி பரவியபோது, சந்தைக்குச் சந்தை கம்பு விலையில் இருந்த ஏற்றத்தாழ்வு பத்து முதல் பதினாறு சதவீதம் குறைந்தது என்று ஜென்னி ஏக்கர் கண்டறிந்தார். நல்ல செய்திதான். ஆனால் முக்கியமாகப் பேசியது தானிய வியாபாரிகள். கூடுதல் சந்தைகளை விசாரித்து, கூடுதல் இடங்களில் வாங்கி விற்றது அவர்கள். சாப்பிடும் மக்களுக்கு அதனால் நன்மை வந்தது.

இன்னொரு பேச்சும் உண்டு. வீட்டில் செல் யார் கையில்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 54 சதவீதம். பூப்பறிப்பும் கீரைக்கட்டும் உழவர் சந்தைக் கடையும் யார் நடத்துகிறார்கள் என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். விலை பார்க்கும் கருவி அண்ணன் சட்டைப்பையில், விற்கிற வேலை அண்ணி தலையில்.

உழவர் சந்தை என்றதும் நினைவு வருகிறது. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தபோது நம்மவர் கையில் செல் கிடையாது. இருந்தது ஒரு கரும்பலகை. அன்றைய விலை அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும், மொத்த விலைக்கு மேலேயும் சில்லறை விலைக்குக் கீழேயும். விவசாயி பார்க்கிறார், வாங்க வந்தவரும் பார்க்கிறார், தராசும் அங்கேயே இருக்கிறது. விலை தெரிகிற இடமும் விற்கிற இடமும் ஒன்று. அந்தப் பலகையை விட நுட்பமான செயலிகள் இப்போது நம் கையில் உண்டு. 2016-ல் இ-நாம் என்ற தேசிய இணையச் சந்தை வந்தது, 2018-ல் தமிழக அரசின் உழவன் செயலி வந்தது. பலகைக்குக் கீழே தராசு இருந்ததைத்தான் எந்தக் கண்ணாடித் திரையிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காகச் செல்லை மூடி வையுங்கள் என்று சொல்லமாட்டேன். பார்க்கிற விதம் இருக்கிறது. அரசுத் தளங்களில் ஒரு பொருளுக்கு மூன்று விலை போட்டிருக்கும், குறைந்தது, கூடியது, பெரும்பாலான சரக்கு போனது. நம் கண் தானாக இரண்டாவதில் போய் நிற்கும். அது அன்றைக்கு வந்த முதல் தரச் சரக்கில் நாலு பெட்டிக்குக் கிடைத்த விலையாக இருக்கலாம். மூன்றாவதைப் பாருங்கள். அதுவும் விற்று முடிந்த பிறகு பதிவாகும் விலை, காலை ஐந்து மணிக்கு நீங்கள் பார்ப்பது நேற்றைய சங்கதி. கடிதம் எழுதிய வாசகருக்கு எட்டு மணிக்கு வேறு விலை வந்ததில் யாருடைய சூதும் இருக்க வேண்டியதில்லை. தளத்தில் குவிண்டாலுக்குப் போட்டிருப்பார்கள், மண்டியில் பெட்டிக்குப் பேசுவார்கள், அந்த மாற்றத்திலும் பிசகு வரும்.

செயலியைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது ஒரு போன் காலில். மண்டியில் மூட்டை தூக்கும் தம்பி, அங்கேயே டீக்கடை வைத்திருக்கும் மச்சான், நேற்று சரக்கு கொண்டுபோன பக்கத்துத் தோட்டத்து மாமா. கேட்க வேண்டிய கேள்வி, "என்ன விலை?" என்பதல்ல, "வரத்து எப்படி?" ஆந்திரத்திலிருந்து எத்தனை லாரி வந்து நிற்கிறது என்று தெரிந்தால் இன்றைக்குப் பறிப்பதா, நாளைக்குத் தள்ளுவதா என்று முடிவு செய்யலாம். தக்காளியில் அந்த ஒரு நாள் நம் கையில் உண்டு. பழத்தைத் திரும்பச் செடியில் ஒட்ட முடியாதுதான், பறிக்காமல் விட முடியுமே. செல்லைப் பறிப்புக்கு முந்தின சாயங்காலம் பாருங்கள், பறித்த பிறகு பார்ப்பதில் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

விதைப்புக்கு முன் பார்ப்பது இன்னும் சிரமமான கலை. சின்ன வெங்காயம் இன்று உச்சத்தில் இருக்கிறது என்று பெரம்பலூரிலும் நாமக்கல்லிலும் திண்டுக்கல்லிலும் எல்லோரும் ஒரே நாளில் ஒரே திரையில் பார்த்துவிட்டு விதைக்காய் வாங்க ஓடினால், இரண்டரை மாதம் கழித்து எல்லோரும் ஒரே நாளில் மூட்டையோடு நிற்போம். செய்தி வேகமாகப் பரவினால் இந்த ஆபத்தும் வேகமாகப் பரவும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்ப் பருவத்துக்கு முன்னால் அறுவடைக் கால விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. இன்றைய விலையோடு அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோசியம் போலப் பலித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் இன்றைய விலையை மட்டும் பார்த்து விதைப்பதைவிட மேல்.

இனி நம் இதழ் வேலைக்கு வருகிறேன். விலை நிலவரத்தை அச்சில் போடச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். மாத இதழில் அது பழைய சோறு, போடப் போவதில்லை. வேறொன்று செய்யலாம் என்று ஆசிரியர் குழுவில் பேசியிருக்கிறோம். கமிஷன் கடையில் விற்றவுடன் கொடுக்கிற சீட்டை உங்களில் பலர் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைத்துவிடுகிறீர்கள். அந்தச் சீட்டில்தான் உண்மையான விலை இருக்கிறது, கமிஷன் போக, கூலி போக, வாடகை போக, கழிவு போகக் கைக்கு வந்த விலை. அதை எங்களுக்கு அனுப்புங்கள். செல்லில் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, தபாலில் நகல் அனுப்பினாலும் சரி. அன்றைக்குச் செயலியில் என்ன விலை பார்த்தீர்கள் என்பதையும் பின்பக்கம் எழுதுங்கள். ஊர் ஊராக, பயிர் பயிராக, திரை விலைக்கும் கை விலைக்கும் உள்ள தூரத்தை அட்டவணையாகப் போடுகிறோம். நாலு பேர் சேர்ந்து வண்டி பிடிக்கிறவர்கள் அந்த வாடகைக் கணக்கையும் எழுதினால் பக்கத்து ஊர்க்காரருக்கு உதவும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர்கள், அங்கே விற்ற சீட்டையும் வெளியே விற்ற சீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சீட்டில் உள்ள கடைப் பெயரையும் உங்கள் பெயரையும் பேனாவால் அடித்துவிடுங்கள். யாரையும் மாட்டிவிடும் நோக்கம் நமக்கு இல்லை, நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். நாள், ஊர், பொருள், எடை, விலை, பிடித்தம் தெரிந்தால் போதும். தக்காளி, சின்ன வெங்காயம், மல்லிகை மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்பவை அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்